பின்னச்சின் ஒழுக்கு

யாழ்ப்பாணத்திலே பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவருக்கும், வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவரைப் பேணுபவருக்கும் ஒரு பொதுமை உண்டு. காலையில் எழுந்ததும் முகங் கழுவுவதற்கு முன்னரே இருவரும் ஒரு முறை சென்று பார்த்துவிட்டு வருவர். பின்னவர் கட்டிலைப் பார்ப்பார். முன்னவர் வண்டியின் கீழே நிலத்தைப் பார்ப்பார். எமக்கோ இவ்விரு கடமைகளும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. அன்னையாருக்கு எழுபத்துமூன்று வயது. வண்டிக்கு அவரிலும் இரண்டு மூன்று வயதே குறைவு. அது 1955ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். பாட்டனார் தபாற் கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கியது.

அவ்வண்டியை அறியாத இளைய நேயர்களுக்காகச் சில வார்த்தை. முன்கண்ணாடி ஒரே தகடாய் அன்றி நடுவில் ஒரு கம்பியாற் பிரிந்து இரண்டாய் இருக்கும். வளைவிலே திரும்புமுன் இக்காலத்து வண்டிகளைப் போலக் கண் சிமிட்டாது. பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிறு கைகாட்டி வெளியே நீண்டு, தான் போகும் திசையைச் சொல்லும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வரைந்த இவ்வண்டி 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகத் தோன்றிற்று. உலகமெங்கும் பதினைந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. எமது வண்டியின் இலக்கத் தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். 1958இல் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்திய வண்டி என்பதில் பாட்டனாருக்கு ஒரு பெருமை.

மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ-40உம், கேம்பிரிட்ஜும் யாழ்ப்பாணத்திலே இத்துணைக் காலம் நிலைத்தது மக்களின் சிக்கனத்தினால் மட்டும் அன்று. 1960களிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி சுருங்கிற்று. 1977இன் பின்னர் யப்பானிய வண்டிகள் கொழும்பிலே வந்து குவிந்தபோது இங்கே வேறு காலம் பிறந்துகொண்டிருந்தது. இருந்ததைக் கழற்றிப் பூட்டி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாப் பொருளாயிற்று. அப்பொழுது இப்பழைய வண்டிகளே கைகொடுத்தன. அவற்றின் எஞ்சின்கள் எரிபொருளை அதிகம் நெருக்குவனவல்ல. ஆகவே மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. சிறு போத்தலிலே மருந்துபோல் வைத்திருந்த பெற்றோலில் நாலைந்து சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெள்ளைப் புகையும் அந்த நெடியும் எம் வயதினர் எவருக்கும் இன்னும் மூக்கிலே நிற்கும்.

இத்தகைய வண்டிக்குச் சென்ற ஆண்டு ஒரு நோய் கண்டது. இடப்புறத்துப் பின்சில்லின் உட்பக்கத்தில் ஈரம். காலையிலே நிலத்தில் ஒரு கறை. முதலில் ஒரு ரூபாய்க் காசளவாக இருந்தது, இரு வாரத்தில் உள்ளங்கையளவாயிற்று. அதற்குப் பிறகு பிறேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாயிற்று.

கறையைக் கண்டு நாம் அஞ்சவில்லை. பிறேக்கைக் கண்டே அஞ்சினோம். அன்னையாரை மாதத்தில் இருமுறை இணுவிலிலிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்று ஐந்து மைல் அளவான தெருதான். ஆயினும் காங்கேசன்துறை வீதியில் இன்று ஓடும் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் 1955ஆம் ஆண்டின் பிறேக்குக்காகக் காத்திருப்பனவல்ல. ஓட்டோவிலே ஏற்றிச் செல்லலாமே என்று நேயர்கள் கேட்கலாம். முழங்காலும் இடுப்பும் மடங்காத அன்னையார் ஓட்டோவில் ஏறி இறங்கும்பொழுது படும் வேதனையை இருமுறை கண்டோம். மூன்றாம் முறை காண விரும்பவில்லை. மைனரின் முன்னிருக்கையோ அவருடைய உடம்புக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அமைந்துவிட்டது.

கனடாவில் இருக்கும் இளைய சகோதரர் தொலைபேசியிலே வேறொரு யோசனை சொன்னார். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில் பழைய வண்டிகளின் விலை ஏறிக் கிடந்தது. அந்நாட்களிலே கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எமது மைனரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை கூறிச் சென்றிருந்தார். “அவர் இப்பவும் கேட்டால் குடுத்துப்போட்டு, அம்மாவுக்கு உயரம் பதிஞ்ச வேற கார் ஒண்டு பாருங்கோ அண்ணை, மிச்சத்தை நான் போடுறன்” என்றார். யோசனையிலே குற்றமில்லை. அன்னையாரிடம் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “திருத்தேலாதெண்டால் குடு தம்பி” என்று மட்டும் சொன்னார். திருத்த இயலுமா இயலாதா என்பதே எம்முன் நின்ற வினா.

முதலாவது கராச்சிலே சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது பிறேக் ஒயில், சில்லுச் சிலிண்டர் பழுது என்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. அக்காலத்து வண்டிகளிலே பிறேக்குக்கு ஒரே குழாய்வழி. ஒரு சில்லிலே ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லாது போகும். எனவே முதலில் அதிலே ஐயம் கொள்வது முறைதான். சிலிண்டரை மாற்றினர். ஒழுக்கு நிற்கவில்லை. இரண்டாவது கராச்சிலே, இது பின்னச்சின் ஒயில், ஒயில் சீல் தேய்ந்துவிட்டது என்று கண்டு புதிய சீல் பூட்டினர். பதினைந்து நாள் நிலம் உலர்ந்து கிடந்தது. பதினாறாம் நாள் பழைய இடத்திலேயே பழைய கறை. அதனோடு அமையாது, வலச்சில்லின் உட்புறமும் மெல்ல நனையத் தொடங்கிற்று.

இங்கே பின்னச்சின் அமைப்பைச் சிறிது விளக்குதல் நலம். வண்டியின் பின்புறத்திலே இரு சில்லுகளையும் இணைத்து ஒரு இரும்புக் குழாய் குறுக்கே கிடக்கும். அதன் நடுவே பூசணிக்காய்போற் புடைத்த பகுதியிலே பல்லுச்சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கிற் திருப்பி இரு சில்லுகளுக்கும் பகிர்ந்தளிப்பது அவற்றின் வேலை. அப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே பெரும் பாரத்தைத் தாங்குவதனால், கந்தகம் சேர்ந்த தடித்த கியர் ஒயிலிலே அவை தோய்ந்திருக்கவேண்டும். மைனருக்கு அது ஒன்றரைப் பைந்து. ஏறத்தாழ எண்ணூற்றைம்பது மில்லிலீற்றர். இரு சில்லுப் பக்கத்திலும் ஒவ்வொரு சீல், எஞ்சினிலிருந்து வரும் தண்டு நுழையும் மூக்கிலே ஒரு சீல், ஆக மூன்று வாயில்களிலே மூன்று காவலாளர். சீலின் உதடு கிழிந்தால் ஒயில் வெளியே வந்து பிறேக் லைனிங்கை நனைக்கும். நனைந்த லைனிங் சில்லைப் பற்றாது. ஒருபுறம் பற்ற மறுபுறம் வழுக்கினால் வண்டி இழுபடும். எமக்கு நேர்ந்தது இதுவே.

மூன்றாவதாக நாம் சென்றது சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தடிக்கு. கராச் என்று சொல்லத்தக்க கட்டடம் அங்கே இல்லை. தகரக் கொட்டகை ஒன்று, வேலைசெய்யும் குழி ஒன்று, எழுபத்தைந்து வயது கடந்த பெரியவர் ஒருவர். 1960களிலே யாழ்ப்பாண நகரத்துக் கராச் ஒன்றிலே கையாளாகச் சேர்ந்து தொழில் பழகியவர். தடைக்காலத்திலே உதிரிப்பாகம் எதுவும் வராதபோது, எருமைத் தோலை வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்துச் சீலாகப் பூட்டியதாகவும், கோப்பு மட்டையைக் கத்தரித்துக் கஸ்கட் செய்ததாகவும் அவர் சொன்னார். அப்பொழுது கஸ்கட்டுக்கு மட்டை கொடுத்தவர்களில் அரைவாசிப் பேர் பள்ளிக்கூட ஆசிரியர்களாம். எமது தொழிலுக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

அவர் உடனே ஸ்பனரை எடுக்கவில்லை. வாங்கிலே எம்மை இருக்கச் செய்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே வினாவத் தொடங்கினார்.

“எப்ப துவக்கம் ஒழுகுது மாஸ்டர்?”

“போன சித்திரைக்குப் பிறகுதான் ஐயா.”

“ஓடேக்க ஒழுகுதோ, நிக்கேக்க ஒழுகுதோ?”

இதற்கு எம்மால் விடை கூற இயன்றது. சுன்னாகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிய நாட்களிலே நிலம் உலர்ந்தே இருந்தது. பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ சென்று வந்த நாட்களின் மறு காலையிலே கறை பெரிதாக இருந்தது. இதைக் கேட்டதும் பெரியவர் தலையை ஒருமுறை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் ஒரு குவளையிலே தண்ணீர் எடுத்துவரச் செய்து, சில்லின் உட்புறத்தில் விரலைத் தடவி அந்த ஈரத்தைத் தண்ணீரிலே உதறினார். துளிகள் கரையாது மேலே வட்டமிட்டு மிதந்தன. பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், இது கலக்கவில்லை என்றார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். எமது மூக்கருகிலும் நீட்டினார். பழுதான முட்டையும் கொளுத்திய நெருப்புக்குச்சியும் கலந்தாற்போன்ற கந்தக நெடி. ஆகவே எஞ்சின் ஒயிலும் அன்று. இது ஏன் முக்கியமெனில், மைனரின் எஞ்சின் பின்புறத்திலே ஒயிலைக் கசியவிடுவது அதன் பிறவிக் குணம். அது ஓடும்போது காற்றினால் அடிப்புறம் முழுவதும் பின்னோக்கிப் பரந்து, பின்னச்சுதான் ஒழுகுகின்றது என்ற மயக்கத்தை உண்டாக்கும். பின் வில்லுக்கருகில் இருக்கும் சொக் அப்சோபரின் உள்ளேயும் ஒயில் உண்டு, அதுவும் ஒழுகக்கூடும். ஐயத்துக்குரியவர் நால்வர், தண்ணீரும் மூக்குமாக ஒருவரை மட்டும் விட்டு ஏனையோரை விடுதலை செய்தாயிற்று.

அடுத்தது ஒயில் வெளிப்படும் இடத்தைத் துணிவது. அடிப்புறத்தை மண்ணெண்ணெயாலும் சவர்க்காரத்தாலும் கழுவித் துடைத்தார். கழுவிய அழுக்கை நிலத்திலே ஊற்றாமல் தகரத்திலே ஏந்திக்கொண்டதை நாம் கவனித்தோம். 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று எழுந்த கலக்கத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டிலே சுண்ணாம்புக்கல்லின் கீழே இருக்கும் நீரே எமக்கு உயிர். அத்தெருவிலே வாழ்பவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. பிறகு, “மாஸ்டர், உங்களிட்டைச் சோக்குத்தூள் இருக்குமே” என்றார். நாமும் மறுநாள் வகுப்பறைகளின் கரும்பலகைத் தட்டுக்களிலே சேர்ந்திருந்த வெண்டூளைக் கடதாசிப் பையில் வாரிச்சென்றோம். அதை அச்சின்மீதும், சில்லுகளின் உட்புறத்திலும், தண்டு நுழையும் மூக்கிலும் பூசினார். “இனி ஒரு மணித்தியாலம் ஓடியிட்டு வாருங்கோ, நிப்பாட்டாதேங்கோ” என்றார்.

அச்சுவேலி வழியாகப் பருத்தித்துறைப் பக்கம் சென்று திரும்பினோம். பள்ளமும் மேடும் இல்லாத நாடாதலால் எஞ்சினுக்குச் சிரமமில்லை. வெயிலோ நன்றாகவே காய்ந்தது. திரும்பியதும் பெரியவர் குழிக்குள் இறங்கினார், எம்மையும் அழைத்தார். வெள்ளை பூசிய இரும்பிலே ஈரம் நடந்த வழி கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. இடச்சில்லிலே ஒரு கோடு, வலச்சில்லிலே சிறிதாக ஒன்று, மூக்கிலே மயிரிழைபோல் ஒன்று. இரண்டாவது கராச்சுக்காரரும் இதைக் கண்டிருந்தால் மேலும் இரண்டு சீல் வாங்கச் சொல்லியிருப்பார். பெரியவர் சொன்னது வேறு.

“ஒரு வாசலால வந்தால் வாசலிலை பிழை. மூண்டு வாசலாலையும் வந்தால் வாசலிலை பிழை இல்லை மாஸ்டர், வயித்திலைதான் பிழை.”

சொல்லிவிட்டு, அச்சின் நடுப்புடைப்பிலே ஒயில் விடும் துளையின் ஆணியை மெல்லத் தளர்த்தினார். ‘புஸ்’ என்று ஒரு சீறல் எழுந்தது. ஒயில் துளி அவர் கையிலும் எமது சட்டையிலும் தெறித்தது. சட்டையிலே பட்டதை அன்று நாம் பொருட்படுத்தவில்லை, வீட்டிலே பொருட்படுத்தினார்கள்.

“இப்ப சொல்லுங்கோ, சித்திரைக்கு முதல் காருக்கு என்ன செய்தனீங்கள்?”

“தகரவேலை செய்து பெயின்ற் அடிச்சது.”

“அடிப்பக்கமும் அடிச்சவையோ?”

“ஓம், கறள் பிடிக்காமல் இருக்கவெண்டு தார்மாதிரி ஒண்டு அடிச்சு விட்டவை. நாங்கள் கேக்கேல்லை, அவையாகவே செய்தது.”

பெரியவர் சிரித்தார். அச்சுக்குழாயின் மேற்புறத்திலே, கையை வளைத்து நுழைத்தாலன்றி எட்டாத ஓரிடத்தில், கட்டியாக உறைந்திருந்த தாரைக் கத்திமுனையாற் சுரண்டினார். உள்ளே ஒரு சிறு துளை வெளிப்பட்டது. அதுவே அச்சின் மூச்சுத் துளை. தார் அதை முற்றாக அடைத்திருந்தது. உப்புக்காற்று வீசும் குடாநாட்டிலே அடித்தகரத்தைக் காப்பதற்குத் தார் பூசுதல் நல்ல காரியந்தான். பூசிய கை எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் அறிந்திருக்கவில்லை.

ஓடும்பொழுது பற்களின் உராய்வினாலே உள்ளே சூடேறும்; உள்ளிருக்கும் காற்று விரியும். துளை திறந்திருந்தால் விரிந்த காற்று வெளியேறிவிடும். அடைபட்டால் அது ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீல்களின் உதடுகளை விலக்கி வெளியேறும். கிட்டிய ஓட்டத்திலே சூடு குறைவு, ஒழுக்குமில்லை. நெடுந்தூர ஓட்டத்திலே சூடு மிகுதி, ஒழுக்கும் மிகுதி. பெரியவர் முதல் நாள் தலையாட்டியதன் பொருள் அப்பொழுது விளங்கிற்று. எமது கல்லூரியிலே பௌதிகம் படிப்பிக்கும் நண்பரிடம் ஓய்வறையிலே இதைக் கூறியபோது அவர் அங்கேயே கடதாசியிற் கணக்கிட்டுக் காட்டினார். முப்பது பாகை வெப்பத்திலிருந்து எழுபது பாகைக்கு ஏறினால், அடைபட்ட காற்றின் அமுக்கம் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் கூடுமாம். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ இரண்டு இறாத்தல். கேட்பதற்குச் சிறிதே, ஆனால் ஒயில் சீலானது தெறிக்கும் ஒயிலைத் தடுக்கச் செய்யப்பட்டதேயன்றி அமுக்கத்தைத் தடுக்கச் செய்யப்பட்டதன்று. “அடுத்த தவணைக்கு உமது காரை வாயு விதிகளுக்குப் பரிசோதனையாகக் கொண்டுவாரும்” என்றும் நண்பர் கேட்டுக்கொண்டார். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

நோயின் முதலைத் தேடும்படி வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே கூறியதை ஆண்டுதோறும் மாணவருக்கு விளக்கி வருகிறோம். உரையாசிரியர்களின் வேறுபாடுகளையும் சொல்வோம். அதற்கு உதாரணமாக மூன்று சீல்களையும் ஒரு தார்க்கட்டியையும் எந்த உரையாசிரியரும் காட்டவில்லை. இவ்வாண்டு பத்தாம் வகுப்பிலே நாம் காட்டினோம். மாணவர் சிரித்தாலும், பின்வரிசையிலே இருந்த ஒருவன், அப்படியானால் முன்னரே கிழிந்த சீல் துளையைத் திறந்ததும் தானாகப் பொருந்திவிடுமா என்று வினவினான். நல்ல வினா. பொருந்தாது. பெரியவர் துளையைத் திறந்ததோடு வேலையை விட்டுவிடவில்லை.

இடச்சில்லைக் கழற்றி, பிறேக் தகரத்தை நீக்கி, அரைத்தண்டை இழுத்தெடுத்து, பெயாரிங்கோடு கூடிய குடத்தை இழுவையாற் பிடுங்கினார். இரண்டு மாதங்களுக்கு முன் பூட்டிய புதுச் சீலின் உதடு வெளிப்புறமாகப் பிரண்டிருந்தது. அது ஓடும் இடத்து இரும்பிலே தேய்வுக் கீறல் இருக்கின்றதா என்று நகத்தாற் தடவிப் பார்த்தார், இல்லை. வேறு சீல் எடுத்து, அதன் உதட்டுக்கு ஒயில் பூசி, முகம் உட்புறம் பார்க்கும்படி மரக்கட்டையால் நாற்புறமும் சமமாகத் தட்டி இருத்தினார். கடதாசிக் கஸ்கட்டை மட்டும் மூன்று முறை வெட்டினார். தடிப்புக் கூடினால் பெயாரிங் இறுகாது, குறைந்தால் ஒயில் நிற்காது. மயிரிழைக் கணக்கு என்றார். ஒயில் குடித்த லைனிங்கை மண்ணெண்ணெயிற் கழுவிப் பூட்டலாமா என்று கேட்டோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“கொம்மாவை ஏத்துற கார்தானே இது?”

அதற்குமேல் நாம் பேசவில்லை. யாழ்ப்பாண நகரிலே புதிய லைனிங் அறைவித்து வந்தோம்.

அன்னையாரை ஏற்றும் கார் என்று அவர் சொன்னபோது எமக்கு வேறொரு காலம் நினைவில் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி எழுந்து நடந்ததை இந்நாட்டு மக்கள் மறக்கமாட்டார்கள். எமக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. வண்டியிலே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான் இருந்தது. தந்தையார் எஞ்சினை இயக்கவில்லை. பாட்டியாரையும் இரண்டு சாக்கு அரிசியையும் உள்ளே ஏற்றி, அவர் சுக்கானைப் பிடிக்க, அன்னையாரும் நாமும் பின்னாலே தள்ளினோம். மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவும் மறுநாட் பகலின் பெரும்பகுதியும் சென்றன. தள்ளுவதற்கும் இடமில்லாத நெரிசல். சில்லு ஒரு முறை உருண்டால் அடுத்த முறை உருளக் கால்மணி நேரமாகும். முன்னே சென்ற முதியவர் ஒருவர் சற்று இருந்து போக இடங்கேட்டார். அதன்பின் வண்டியில் ஒரு அரிசிச் சாக்குக் குறைந்தது, ஓர் ஆள் கூடியது.

தென்மராட்சியிலே ஒரு பாடசாலை வளவில் மாமரத்தின் கீழ் அவ்வண்டி ஐந்தரை மாதம் நின்றது. வகுப்பறைகளிலே காலை நீட்ட இடமில்லை. ஆதலால் பாட்டியார் வண்டிக்குள்ளேயே வசித்தார். முன்னிருக்கையைக் கழற்றி வெளியே வைத்துப் பலகை விரித்துக் கட்டிலாக்கினோம். கைகாட்டியிலே உருத்திராட்ச மாலையைத் தொங்கவிட்டிருந்தார். பின்கண்ணாடியோரத்திலே திருநீற்றுக் குடுவையும் மருந்துப் போத்தலும் இருந்தன. மேல்நாடுகளிலே வீட்டையே சில்லின்மேல் கட்டி ஊர் ஊராக உல்லாசப் பயணம் செய்யும் வண்டிகள் உண்டென்று இப்பொழுது படங்களிலே காண்கிறோம். எமது குடும்பத்துக்கு அத்தகைய வண்டி ஒன்று வாய்த்திருந்தது. உல்லாசம் ஒன்றுதான் குறைவு. 1996 சித்திரையிலே ஊருக்குத் திரும்பியபோது வண்டியிலே பாட்டியார் இல்லை. மாசி மாதத்திலே அதற்குள்ளேயே அவர் காலமாகிவிட்டார். தலைமாட்டிலே இருந்து பால் பருக்கியவர் எமது அன்னையார். திருத்த இயலாதென்றால் விற்றுவிடு என்று அவர் சொன்னபொழுது அவ்வொரு வசனத்துக்கு அவர் எவ்வளவு பலம் திரட்டியிருப்பார் என்பதை நாம் அறிவோம்.

பெரியவர் கூலியாக வாங்கியது மிகச் சொற்பம். மேலதிகமாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்து, அதற்குப் பதிலாக இன்னும் ஒரு பை சோக்குத்தூள் கேட்டார். அதை அனுப்பி வைத்தோம். ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும் அந்தத் துளையை ஒரு கம்பியாற் குத்திப் பார்க்கும்படியும் சொன்னார். எமது செம்மண் சேறு காய்ந்தால் தாருக்குச் சளைத்ததல்ல. துளை அடைபட்டு அச்சுக் குளிரும்பொழுது உட்புறமாக உறிஞ்சினால் சீல் வழியாக மழைநீரையும் இழுக்கும், ஒயில் பால்போல் வெளுத்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. ஒயிலை நிரப்பும்போதும் வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, துளையால் வழியத் தொடங்கும் மட்டத்தோடு நிறுத்தவேண்டும். பாசத்தினால் கூட விட்டாலும் அதுவும் வெளியேதான் வரும்.

மூன்று வாரங்களாகப் பின்சில்லுகளின் கீழே பழைய வினாத்தாள்களை விரித்து வைத்துப் பார்த்து வருகிறோம். இரண்டு தாள்களும் வெள்ளையாகவே இருக்கின்றன. முன்புறத்தில் எஞ்சினின் கீழே விரித்த தாளிலே மட்டும் வழக்கம்போல் நாலைந்து சொட்டு. அது எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே உள்ளது. கனடாவுக்குச் செய்தி சொல்லியாயிற்று; சகோதரர் அடுத்த முறை ஒயில் சீல் இரண்டு வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை தெல்லிப்பழைக்குப் போகவேண்டும். அன்னையார் புதன்கிழமையே தம் கைப்பையை முன்னிருக்கையிலே கொண்டுபோய் வைத்துவிட்டார்.